மிட்டாய் மேசைக்கு முதல் மரியாதை

இந்தக் காலத்தில் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்து நின்றால் போதும், ஐந்தாவதாக ஒரு சங்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சங்கம் வந்தால் தலைவர் வருகிறார். தலைவர் வந்தால் மைக் வருகிறது. மைக் வந்த பிறகு அந்த நாலு பேரும், டீ குடிக்கத்தான் வந்தோம் என்பதை மறந்து, டீ குடிக்கலாமா என்று கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். முன்பெல்லாம் மனிதனை அதட்டப் போலீஸ்காரன் ஒருத்தன்தான் இருந்தான். அவனுக்குச் சம்பளம் இருந்தது. இப்போது சம்பளமே இல்லாமல் அதட்ட ஊருக்குப் பத்துப் பேர் முண்டியடிக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் உழைக்கிறேன் என்கிறவனைக் கண்டால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மோகனூர் சென்றாயனின் கட்சி.

சென்றாயன் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவர் அல்ல. இளவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஏறியவர், ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்து, முடி நரைத்த பிறகுதான் இறங்கினார். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி இங்கேதான் தண்ணீர் என்று சத்தியம் செய்தவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் வெறும் புழுதி பறந்ததைப் பார்த்தவர். அதனால் எவன் எதை அடித்துச் சொன்னாலும் "அப்புடீங்களா" என்று ஒரு வார்த்தை சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம்.

மகன் போய்ச் சேர்ந்த பிறகு மருமகள் ஜோதியும் பேத்தி மஞ்சுளாவும் அவர் பொறுப்பு. மஞ்சுளாவுக்குச் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அவளுக்கு அமைந்த மாப்பிள்ளை அன்பரசு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். தங்கமான பையன். குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், அவன் ஒன்பதூர்க்காரன்.

ஒன்பதூர் என்பது ஓர் ஊர் அல்ல. ஒன்பது ஊர்க்காரர்கள் சேர்ந்து நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். அதை நடத்த ஒரு சபை வைத்தார்கள். பிறகு அந்தச் சபைக்குப் பயந்து வாழத் தொடங்கினார்கள். அந்த மண்டபத்தில் நடக்காத கல்யாணத்தை அந்த ஊர்களில் கல்யாணமாகச் சேர்ப்பதில்லை. கோயிலில் தாலி கட்டிப் பிள்ளை பெற்று, பிள்ளைக்கு மொட்டையும் போட்டவர்களைப் பற்றிக்கூட, "அவங்க சும்மா சேந்து இருக்கறாங்க" என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் சாவு விழுந்தால் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சம்பந்தி மதியழகன் முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: நகை உங்கள் இஷ்டம், சாப்பாடு உங்கள் இஷ்டம், மண்டபம் மட்டும் அதுதான். அது கிடைக்காவிட்டால் இந்தச் சம்பந்தமும் இல்லை. சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. வாசற்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

நாள் குறித்தது ஜோசியர். சேலை எடுத்தது மாமியார்க்காரி. சமையலுக்கு ஆள் பிடித்தது ஜோதியின் அண்ணன். எல்லாம் முடிந்த பிறகு மஞ்சுளா தாத்தாவிடம் வந்து, ஒரு மேசை வேண்டும் என்றாள். மண்டப வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, வரிசையாகக் கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய் நிரப்பி வைப்பது; வருகிறவர்கள் ஒரு காகிதப் பொட்டலத்தில் பிடித்ததை அள்ளிக்கொண்டு போவது. சேலத்துப் பெரிய கல்யாணங்களில் எல்லாம் இப்போது இது உண்டாம். டெக்கரேஷன்காரன் இதற்குக் கேட்ட தொகையில் ஓர் எருமை வாங்கலாம். ஆனால் மஞ்சுளா கெட்டிக்காரி. செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையில் தேன்மிட்டாய், கமர்கட், கடலை மிட்டாய், பல்லி மிட்டாய், சூட மிட்டாய், இலந்தை வடை எல்லாம் மூட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஜாடிக்கு அக்கம்பக்கத்து வீடுகளின் ஊறுகாய் ஜாடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் போதும். கழுவி வெயிலில் காய வைத்தால் வாசம் போய்விடும். மேசைக்கு விரிக்க அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர் ஓரம் கோணிப்போன ஒரு சேலையைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணீட்டீங்க அப்பாரு," என்றாள். "இந்த ஒத்த மேசைய மட்டும் எனக்கு உட்டுருங்க."

சென்றாயனுக்கு மிட்டாயில் நம்பிக்கை கிடையாது. பல்லைக் கெடுக்கும், பிள்ளைகளைக் கெடுக்கும். ஆனால் அவள் வேறு எதையும் கேட்கவில்லை. சரி என்றார். சரி என்றவர் அத்தோடு நின்றிருக்கலாம். மண்டபத்துக்குள் வாயில் போடுகிற பொருள் எதுவானாலும் சபைக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று சம்பந்தி காதில் ஓதியதால், கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலைப் பாக்குத் தட்டும் எடுத்துக்கொண்டு சபையைப் பார்க்கப் போனார்.

சபை கூடும் அறை மண்டபத்தின் பின்பக்கம். ஜன்னல்கள் உண்டு, திறந்ததாகத் தெரியவில்லை. சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் மாலையோடு தொங்கின. கடைசியில் இருந்த படத்துக்கும் சந்தன மாலை போட்டுச் சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தில் இருந்தவர் அதற்கு நேர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவர்தான் இப்போதைய தலைவர் அர்த்தநாரி. உயிரோடு இருக்கும்போதே மாலையா என்று சென்றாயன் கேட்கவில்லை. பார்த்த பார்வையிலேயே செயலாளர் குருமூர்த்தி பதில் சொல்லிவிட்டார். இந்தப் பதவியிலிருந்து யாரும் வேறு வழியில் இறங்கியதில்லையாம்; எப்படியும் போட வேண்டிய மாலைதானே என்று தீர்மானம் போட்டு முன்னாலேயே போட்டுவிட்டார்களாம்.

சென்றாயன் மிட்டாய் மேசையைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். யார் எடுத்துக் கொடுப்பது என்று குருமூர்த்தி கேட்டார்.

"யாரும் குடுக்கறதில்லீங்க. வேணுங்கறவங்க வேணுங்கறத அவங்களே அள்ளிக்குவாங்க."

பல் குத்துவது நின்றது. குருமூர்த்தி எழுந்து கதவைச் சாத்தினார்.

"பெரியவரே," என்றார் அர்த்தநாரி, கோபமே இல்லாமல். "இந்த மண்டபத்துல தண்ணியக்கூட ஆரும் தானா மோந்து குடிச்சதில்ல. நாங்க ஊத்துவோம், அவங்க குடிப்பாங்க. ஏன்னு நெனச்சுப் பாத்தீங்களா? இன்னைக்கு மிட்டாய அவனா அள்ளுவான். நாளைக்குச் சோத்த அவனாப் போட்டுக்குவான். அதுக்கும் மறுநாளு சாவிய அவனா எடுத்து மண்டபத்த அவனே தொறந்துக்குவான். அப்பறம் நாங்க எதுக்குங்க இருக்கறோம்?"

இந்தக் கேள்வி சென்றாயனுக்கும் வெகு நாளாக இருந்தது. ஆனால் பேத்தியின் வாழ்க்கை தலைவரின் மேசை இழுப்பறைக்குள் மண்டபச் சாவியாகக் கிடக்கிறது. "அப்புடீங்களா" என்று மட்டும் சொன்னார். பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று எழுந்து, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, எல்லோரும் சொல்வதைச் சொன்னார்:

"கல்யாணத்துக்கு அவசியம் வந்துருங்க. நீங்கதானுங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்."

இந்தப் பக்கத்தில் பத்திரிகை வைக்கிறவர்கள் பால்காரரிடமும் இதைத்தான் சொல்வார்கள், பஸ் கண்டக்டரிடமும் இதைத்தான் சொல்வார்கள். "அதுக்கென்னுங்க, ஜமாய்ச்சரலாம்" என்று அவர்களும் சொல்வார்கள். வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கொங்கு நாட்டில் கல்யாணம் என்று ஒன்று தொடங்கிய நாளிலிருந்து இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டவர் எவரும் இல்லை.

அர்த்தநாரி எடுத்துக்கொண்டார். தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். கண் கலங்கியது. "உங்க வாயால சொல்லீட்டீங்க," என்றார். குருமூர்த்தியும் எழுந்து நின்றார். பெண் வீட்டாரே கேட்டுக்கொண்டதால் மிட்டாய் மேசை இந்த நிமிஷத்திலிருந்து சபையின் பொறுப்பு என்றும், முதல் கரண்டி தலைவருக்கே உரியது என்றும், அது அள்ளப்பட்ட பிறகே தாலி கட்டப்படும் என்றும் அறிவித்தார். அறையில் மூன்றே பேர் இருந்தார்கள். ஆனாலும் மைக்கில்தான் அறிவித்தார்.

வாசலில் காவலாள் பொன்னன் நின்றிருந்தான். "மைக் சத்தம் கேட்டுச்சுங்க," என்றான். "அந்த வார்த்தையச் சொல்லிப்போட்டீங்களா?"

"எல்லார்த்துகிட்டயும் சொல்றதுதானப்பா."

"பாப்கார்ன்காரங்களும் அதத்தான் சொன்னாங்க."

விறகு அடுக்கின் மேல் ஒரு பழைய பிளெக்ஸ் பேனர் போர்த்தியிருந்தது. கெங்கவல்லிப் பக்கத்து ஜோடியாம். மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மழையில் வாய் கரைந்து கண் மட்டும் மிஞ்சியிருந்தது. கல்யாணத்தில் பாப்கார்ன் மிஷின் வைக்க ஆசைப்பட்டவர்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சென்றாயன் கேட்டார். பொன்னன் விறகை ஒழுங்குபடுத்துவதுபோலக் குனிந்துகொண்டான். "நானு வெறகு எடுக்கறப்ப அவங்க மொகத்தப் பாக்க மாட்டேனுங்க," என்றான்.

அந்த வாரமே ஆள் வந்தது: சபை ருசி பார்க்க வேண்டும், எல்லா வகையிலும் கொஞ்சம் கொண்டுவரவும். சென்றாயன் பையில் போட்டு எடுத்துப் போனார். சபையார் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பேச்சும் இல்லாமல் மென்றார்கள். தேன்மிட்டாய் முடிந்து கடலை மிட்டாய், கடலை மிட்டாய் முடிந்து பல்லி மிட்டாய். பல் அரைபடும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நடுவில் கமர்கட் அர்த்தநாரியின் மேல்வரிசைப் பல்செட்டோடு ஒட்டிக்கொண்டது. அவர் பேச முடியாமல் வெகு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று எல்லோரும் தலை குனிந்து காத்திருந்தார்கள். கமர்கட் கரைந்த பிறகு, அது சபையின் மாண்புக்கு எதிரானது என்று ஒருமனதாகத் தள்ளப்பட்டது.

மற்றவை எப்படி என்று சென்றாயன் கேட்டார்.

"நல்லா இருக்குது," என்றார் குருமூர்த்தி வருத்தமாக. "அதுதான் பிரச்சினை. நல்லா இருந்தா சனம் மறுக்கா வரும். மறுக்கா வந்தவன் ஆரு, மொதல்ல வந்தவன் ஆருன்னு நாங்க எப்பிடிக் கண்டுபுடிக்கறது? சுமாரா இருந்தா நிர்வாகம் பண்றது சுளுவு."

முடிவு எடுப்பதற்குள் கொண்டுவந்தது தீர்ந்துவிட்டதால் மறுபடி கொண்டுவரச் சொன்னார்கள். மறுபடி போனபோது சபையார் கூட்டம் பெருகியிருந்தது. அவரவர் பேரன் பேத்திகளை இளைஞர் பிரிவு என்று சேர்த்திருந்தார்கள். மூன்றாம் தடவை மகளிர் பிரிவு. அதற்கடுத்து, ஓய்வுபெற்ற உறுப்பினர்கள். ஒவ்வொரு தடவையும் மென்று முடித்து, நீளமாகப் பெருமூச்சு விட்டு, இன்னும் தெளிவு பிறக்கவில்லை என்றார்கள். மஞ்சுளா வாங்கி வைத்திருந்த மூட்டைகள் வீட்டில் இளைத்துக்கொண்டு வந்தன. குறைந்த செலவில் முடிக்கத்தான் அவள் இத்தனை யோசனை செய்தாள். இப்போது செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் அவளைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போடுகிறார்.

பிறகு ஜாடிகளைப் பார்வையிட வந்தார்கள். மஞ்சுளா கழுவித் துடைத்துப் பளபளவென்று வாசலில் வரிசையாக வைத்திருந்தாள். அர்த்தநாரி ஒரு ஜாடியைத் தூக்கி வெயிலில் பிடித்தார். ஜாடிக்கு அந்தப் பக்கம் குருமூர்த்தியின் முகம் தெரிந்தது. இருவரும் திடுக்கிட்டார்கள்.

"இது ஆகாதும்மா," என்றார் அர்த்தநாரி. "கண்ணாடின்னா உள்ளார எவ்வளவு கொறையுதுன்னு எல்லார்த்துக்கும் தெரிஞ்சு போகுமே. நானு தலைவரா வந்த நாள்லருந்து இந்த மண்டபத்துல எது எவ்வளவு கொறஞ்சுதுன்னு ஒருத்தனுக்கும் தெரிஞ்சதில்ல. அந்தப் பேர நானு கெடுத்துக்க முடியாது."

எல்லா ஜாடிக்கும் கறுப்புத் துணி உறை தைக்கச் சொன்னார்கள். மூடிக்குப் பூட்டு. கரண்டிக்குச் சங்கிலி. வருகிறவர்களுக்கு டோக்கன். அன்றைக்கே மஞ்சுளா கறுப்புத் துணி எடுத்து வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தாள். உறை போட்ட ஜாடிகள் சுவரோரம் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது, தலையை மூடிக்கொண்டு ஒரு கூட்டம் எதற்கோ காத்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. ஜோதி அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

"மேச வேண்டாஞ் சாமி," என்றார் சென்றாயன். "அக்கட்டால போறானுங்க, உட்டுரலாம்."

மஞ்சுளா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நானே உட்டுர்றேன்னு போன் பண்ணிக் கேட்டேன் அப்பாரு. மேச இல்லாட்டி மொதக் கரண்டி இல்ல, மொதக் கரண்டி இல்லாட்டி கல்யாணம் இல்லேங்கறாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தார்கள். ஒன்பது ஊர்ச் சனமும் மண்டபத்துக்கு வந்தது. மிட்டாய் வீணாகக் கூடாது என்பதால் ஜாடி வைக்கவில்லை, வெறும் மேசைதான். சனம் வரிசையாக வந்து, டோக்கனைக் காட்டி, காற்றில் கையை விட்டு அள்ளுவதுபோல அள்ளி, வெறும் பொட்டலத்தில் போட்டு, மடித்து, தலைவரைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு கை அள்ளப் பார்த்த ஒரு கிழவியை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார்கள். திரும்பி வந்தவள் ஒரு விரலால் மட்டும் அள்ளினாள். சம்பந்தி மதியழகனும் வரிசையில் இருந்தார். தன் முறை முடிந்து வெளியே வந்தவர் வெறும் பொட்டலத்தைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு வாயை மென்றார். சென்றாயன் அதைப் பார்த்தார். சம்பந்தி நிஜமாகவே மென்றுகொண்டிருந்தார்.

அர்த்தநாரி நிறைந்த முகத்தோடு சென்றாயனின் தோளைத் தொட்டார். "பாத்தீங்களா பெரியவரே? மிட்டாயே இல்லாம எவ்வளவு ஒழுங்கா நடந்துச்சு. செலவும் இல்ல, சச்சரவும் இல்ல. எனக்கு என்ன தோணுதுன்னா, மாப்பிள்ளையும் பொண்ணும் இல்லாம ஒரு கல்யாணம் வெச்சுப் பாத்தாக்கூட இதே மாதிரிதான் இருக்கும். அவங்களாலதானுங்க எப்பவும் நேரம் தவறிப் போகுது."

குருமூர்த்தி அதை மறுக்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல.

கல்யாணம் வந்தது. விடியற்காலை முகூர்த்தம். மணவறையில் தட்டு, தேங்காய், தாலி எல்லாம் ஆயத்தம். மேளக்காரர்களைக் காணோம் என்று பார்த்தால், அவர்கள் வாசலில் தலைவரை அழைத்துவரப் போயிருந்தார்கள். ஆள் குடை பிடிக்க, மாலை போட்டு, நாதஸ்வரம் முன்னால் போக, அர்த்தநாரி நடந்து வந்தார். மாப்பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த பெரிய மாலை அவர் கழுத்தில் இருந்தது. அன்பரசு சின்ன மாலையோடு வரிசையில் நின்றான். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், சபையார் சார்பில் ஒருவர், அப்புறம் மாப்பிள்ளை என்று முறை வகுத்திருந்தார்கள். அவன் கையிலும் டோக்கன். முகூர்த்தத்தை முடித்துவைக்க வேண்டிய அருமைக்காரர் எங்கே என்று ஜோதி தவித்துத் தேடினாள். அவர் மாப்பிள்ளைக்குப் பின்னால், டோக்கனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மண்டபம் முழுவதும் சனம், சுவரோடு சுவராக வளைந்து, ஒரே வரிசை. நாற்காலிகள் எல்லாம் காலி.

அர்த்தநாரி மேசைக்கு முன்னால் நின்று சாவிக்கொத்தை எடுத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அவர் சாவியை ஒரு தரம் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு மைக்கைக் கையில் எடுத்தார்.

மிட்டாய் என்றால் என்ன என்று தொடங்கினார். மிட்டாய் ஒரு பொறுப்பு என்றார். தான் சின்னவனாக இருந்தபோது ஒருவரும் தனக்கு மிட்டாய் தரவில்லை என்றும், அன்றைக்கே ஒரு முடிவு எடுத்ததாகவும், இன்றைக்குத் தன்னைக் கேட்காமல் ஒன்பது ஊரில் ஒருவரும் மிட்டாய் தின்ன முடியாது என்பதைத் தன் தாயார் பார்க்காமல் போய்விட்டார் என்றும் சொன்னார். கைதட்டினார்கள். மண்டபம் கட்டிய கதைக்குப் போனார். வெளியே நன்றாக வெளுத்துவிட்டது.

சென்றாயன் குருமூர்த்தியிடம் போனார். முகூர்த்தம் தவறுகிறது, பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார். தலைவர் பேசும்போது குறுக்கே போகும் வழக்கம் இல்லை என்றார் குருமூர்த்தி. எப்போது முடிப்பார் என்று கேட்டதற்கு, அவர் தன் டோக்கனைத் தடவிக்கொண்டே, முடிப்பது என்று ஒன்று இருப்பதாகச் சபையில் பேசவில்லையே என்றார்.

அப்போதுதான் சென்றாயன் அர்த்தநாரியின் கையைக் கவனித்தார். சாவியைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். பூட்டைத் திறந்துவிட்டால் கரண்டி. ஒரு கரண்டி அள்ளிவிட்டால் அடுத்தவன். அடுத்தவன் வந்துவிட்டால் இவர் வெறும் ஆள். திறக்கப் போவதில்லை என்று சென்றாயனுக்குப் புரிந்தது. இன்றைக்குத் திறக்க மாட்டார், எவர் கல்யாணமானாலும் திறக்க மாட்டார்.

மணமகள் அறையில் மஞ்சுளா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் தோழிகளும் வரிசைக்குப் போய்விட்டார்கள். நேரம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். கொஞ்சம்தான் என்றார் உள்ளே வந்த சென்றாயன்.

"மேசைய அவங்களே வெச்சுக்கட்டும் அப்பாரு," என்றாள். "அவர மட்டும் கூட்டிட்டு வாங்க. என்னால அந்த வரிசையில நிக்க முடியாது."

சென்றாயன் மணவறைக்குப் போய்த் தாலித் தட்டைத் துண்டுக்குள் மறைத்து எடுத்தார். அங்கே தடுக்க யாரும் இல்லை. மேடையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பிறகு வரிசைக்குப் போய் அன்பரசின் முழங்கையைப் பிடித்தார். அவன் அவரைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், முன்னால் இருந்த நாலு முதுகுகளைப் பார்த்தான். அவன் கண்ணிலும் அந்த ஒத்திகைக் களை இருந்தது. சென்றாயன் பிடியை இறுக்கினார்.

"அஞ்சாவது ஆளு நானு," என்றான் அன்பரசு, தூக்கத்தில் பேசுவதுபோல.

"இருக்கட்டும். அங்க ஒருத்திக்கு மொதலும் கடைசியுமா ஒரே ஆளுதான். வர்றயா, இல்ல அவகிட்டப் போயி நீ வரிசையில இருக்கறன்னு சொல்லட்டுமா?"

அன்பரசு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு டோக்கனை முன்னால் நின்றவரின் சட்டைப் பையில் போட்டுவிட்டு வரிசையை விட்டு விலகினான். அவன் விட்ட இடத்தைச் சனம் ஓரடி நகர்ந்து மூடிக்கொண்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த கொட்டகைக்கு முன்னால், டீசல் வாடையில் தாலி ஏறியது. ஜோதி அட்சதை போட்டாள். ஜெனரேட்டர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவரும் போட்டார். வேன் டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்தார். மஞ்சுளா அழவில்லை. ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு, ஆச்சா, ஆயிருச்சா என்று அன்பரசிடம் கேட்டாள். ஆகிவிட்டது என்று அவனும் சத்தம் போட்டான்.

பெற்ற தகப்பன் அட்சதை போடாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று சென்றாயன் மணமக்களை முன்பக்கம் வேனுக்கு அருகே நிறுத்திவிட்டு, மதியழகனை அழைக்க முன்வாசலுக்குப் போனார். கம்பிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வரிசை அப்படியே இருந்தது. ஓர் அடி நகர்ந்திருந்தது, அதுவும் அன்பரசு விட்ட அடி. மதியழகன் கம்பிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"சம்பந்தி, வெளிய வாங்க. தாலி கட்டியாச்சு. பையன் உங்களக் கும்புடோணும்னு நிக்கறான்."

மதியழகன் கம்பி வழியாகப் பார்த்தார். தூரத்தில் மகன் மாலையோடு நிற்பது தெரிந்தது. பக்கத்தில் மருமகள். மதியழகனின் ஒரு கால் வெளியே வரப்பார்த்தது. குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"போனா டோக்கன் போயிருமுங்க," என்றார், மிக மெல்ல. "இத்தன நேரம் நின்னுட்டேன்."

சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்து நின்றார். மைக்கில் குரல் மாறியது. குருமூர்த்தி அறிவித்தார்: திருமணம் சிறப்பாக நடைபெற்றுக்கொண்டிருக்கிறது, மணமக்கள் எங்கிருந்தாலும் வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்துகொள்ளலாம், அவர்கள் வராவிட்டாலும் நிகழ்ச்சி தொடரும். உள்ளே கைதட்டல் கேட்டது. அர்த்தநாரி மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பொன்னன் சங்கிலியோடு வந்தான். கம்பிக் கதவில் சுற்றினான். கொக்கியில் மாட்டுவதற்கு முன்னால் நிறுத்தி, "பூட்டப் போறேனுங்க," என்றான். "நீங்க உள்ளயா, வெளியவா?"

சென்றாயன் கம்பியிலிருந்து கையை எடுத்தார். கையில் துரு ஒட்டியிருந்தது.

"ரோசன பண்ணிப் பாருங்க," என்றான் பொன்னன். குரலில் அக்கறைதான் இருந்தது. "ஒம்பது ஊரும் உள்ளதானுங்க நிக்குது. படிச்சவங்க, பணக்காரங்க, வாத்தியாருங்க எல்லாரும். அத்தன பேருமா புத்திகெட்டுப் போயிருவாங்க?"

சென்றாயன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நெடுஞ்சாலையில் கோழி லாரி ஒன்று இறகு பறக்கப் போனது.

"போவாங்க சாமி," என்று சொல்லிவிட்டு, வேன் நின்ற பக்கம் நடந்தார்.